தீர்ப்புகள் எழுப்பிய சுவர்



அநீதி என்ற சொல்லைக் கேட்டவுடன் சாட்டையும் சங்கிலியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட அநீதிகள் பலவற்றின் பின்னால் ஒரு சட்டப் புத்தகமும் ஒரு தீர்ப்பும் இருந்திருக்கின்றன. கொடுங்கோலனின் கட்டளையை மக்கள் கொடுமை என்றே அறிவார்கள். அதே கட்டளை நீதிமன்றத்தின் வாயிலாக வரும்போது அதற்கு நீதி என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. இந்தப் பெயர் மாற்றத்தால் விளைந்த தீங்கு எத்தகையது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு பெரும் சான்றாகும்.

அந்நாட்டின் நிறவெறி ஆட்சியைப் பற்றியும், நெல்சன் மண்டேலா அவர்கள் 27 ஆண்டுகள் சிறையில் கழித்ததைப் பற்றியும் நாம் அறிவோம். ஆனால், அந்தப் பிரிவினைச் சுவர் 1948-இல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது ஒரே நாளில் எழுந்ததன்று. அதற்கு 60 ஆண்டுகள் முன்பிருந்தே அது அடுக்கடுக்காகக் கட்டப்பட்டு வந்தது. அதில் பல அடுக்குகளை வைத்தவர்கள் நீதிபதிகள்.

அந்த வழக்குகளின் பெயர்களைப் பாருங்கள்: இஸ்மாயில் சுலைமான், தய்யிப் ஹாஜி கான் முகம்மது, ஹபீப் மோட்டன், ஹஸன் ஈசோப், ரசூல், அப்துர் ரஹ்மான், லாகட். நம் மஹல்லாவின் பெயர்ப் பட்டியலைப் படிப்பது போன்று இருக்கிறதல்லவா? ஆம், நிறத்தின் பேரால் மனிதரைப் பிரிக்கலாமா என்ற கேள்வியை அந்நாட்டு நீதிமன்றங்களின் முன் மீண்டும் மீண்டும் எழுப்பியவர்களில் முஸ்லிம்கள் பலர். அதற்காகத் தெருவில் இறங்கிச் சிறை புகுந்தவர்களில் தமிழர்கள் பலர். ஆகவே இது நம் வீட்டுக் கதையும் ஆகும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் அது நட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்கள் 342 பேர். ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட கூலிகள் அவர்கள். அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு நட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்றவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு போன்ற மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. இன்று நாவலூரில் வாழும் நாம், நம் மாவட்டத்து மக்களும் அந்தக் கப்பல்களில் சென்றார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அவர்களைத் தொடர்ந்து, சொந்தச் செலவில் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு குஜராத்திலிருந்து வணிகர்கள் வந்தனர். இவர்களில் மிகுதியானோர் முஸ்லிம்கள். வெள்ளையர்கள் இவர்களை 'அரபிகள்' என்று அழைத்தனர். வணிகர்களில் பலர் அந்தப் பெயரை விரும்பியே ஏற்றனர். அதனால் கூலிகளோடு சேர்த்து எண்ணப்படாமல் தப்பிக்கலாம் என்று கருதினர்.

அந்த எண்ணம் பலிக்கவில்லை. ட்ரான்ஸ்வால் நாட்டின் போயர் அரசு இயற்றிய 1885-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம், ஆசிய இனத்தவர் அனைவரையும் ஒரே கயிற்றில் கட்டியது. கூலிகள், அரபிகள், மலாய்க்காரர்கள், துருக்கிய ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம்கள் என்று பெயர் சொல்லியே அது பட்டியலிட்டது. இவர்களுக்குக் குடியுரிமை இல்லை. நிலம் வாங்கும் உரிமை இல்லை. 1886-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சுகாதாரத்தின் பேரால், இவர்கள் குடியிருக்க வேண்டிய தெருக்களையும் பகுதிகளையும் அரசே சுட்டிக்காட்டலாம் என்றாயிற்று.

'குடியிருப்பு' என்றால் என்ன?

வாசகர்களே! இங்குதான் நீதிமன்றம் வருகிறது. சட்டம் சொன்னது குடியிருப்பைப் பற்றி. கடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. எனவே, இரவில் ஒதுக்கப்பட்ட பகுதியில் உறங்கினாலும் பகலில் நகரின் கடைத்தெருவில் வணிகம் செய்யலாம் என்பது வணிகர்களின் வாதம். கடையும் குடியிருப்பில் அடக்கமே என்பது அரசின் வாதம். கடைத்தெருவை விட்டு ஒதுக்குப்புறத்திற்குத் துரத்தப்பட்டால் வணிகம் அழிந்துவிடும் என்பதை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர்.

1888-இல் இஸ்மாயில் சுலைமான் நிறுவனத்தின் வழக்கில், ஆசியரைப் பொறுத்தவரை வாழுமிடம் வேறு, வணிகம் செய்யுமிடம் வேறு என்று பிரிக்க முடியாது என நீதிமன்றம் கூறிவிட்டது. ஆங்கிலேய அரசு தன் குடிமக்களுக்காக ஆட்சேபம் தெரிவித்தது. விவகாரம் ஆரஞ்ச் சுதந்திர நாட்டின் தலைமை நீதிபதியான மெலியஸ் டிவில்லியர்ஸ் என்பவரின் நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டது. 1895-இல் அவர், சட்டத்திற்குப் பொருள் உரைப்பது ட்ரான்ஸ்வால் நீதிமன்றங்களின் பொறுப்பு என்று முடித்துவிட்டார். அந்தப் பொருளை அறிவதற்காகவே தய்யிப் ஹாஜி கான் முகம்மது என்ற வணிகரின் பெயரில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 1898 ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. குடியிருப்பு என்ற சொல் கடையையும் குறிக்கும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஜோரிசன் என்ற நீதிபதி மட்டும் அதற்கு உடன்படாமல் தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. இந்தியர்களைப் போயர்கள் கொடுமைப்படுத்துவதைத் தம் குறைப்பட்டியலில் ஒன்றாகக் காட்டிய ஆங்கிலேயர்கள், 1902-இல் ட்ரான்ஸ்வாலைத் தம் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தனர். அதன் பின்னர் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே போயர் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, வணிகர்களை ஒதுக்குப்புறத்திற்கு அனுப்ப முற்பட்டார்கள்! ஹபீப் மோட்டன் என்பவர் வழக்குத் தொடுத்தார். 1904 மே மாதம் தலைமை நீதிபதி ஜேம்ஸ் ரோஸ் இன்னஸ் தலைமையிலான நீதிமன்றம், சட்டத்தில் இல்லாத கடையை அதற்குள் நுழைக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. முன்பு எந்தச் சட்டத்தின் கடுமையை ஆங்கிலேய அரசு எதிர்த்ததோ, அதே சட்டத்தை அதன் அதிகாரிகளே இப்போது முன்னைவிடக் கடுமையாகச் செயல்படுத்த விழைவது விந்தையானது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

1898-இல் ஒரு பொருள். 1904-இல் வேறொரு பொருள். சட்டத்தின் எழுத்து மாறவில்லை. அந்த ஆறு ஆண்டுகளில் மாறியது வாசித்தவர் மட்டுமே. இந்த வெற்றியும் நீடிக்கவில்லை. 1908-இன் தங்கச் சட்டமும் 1919-இன் ஆசியர் நிலம் மற்றும் வணிகச் சட்டமும், நீதிமன்றம் திறந்துவிட்ட கதவைச் சட்டமன்றத்தின் வழியாக மீண்டும் சாத்தின.

'மனைவி' என்றால் யார்?

1913-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள். கேப் நகர உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சியர்ல் ஒரு தீர்ப்பை வழங்கினார். போர்ட் எலிசபெத் நகரில் வாழ்ந்த ஹஸன் ஈசோப் என்பவர், இந்தியாவில் தாம் நிக்காஹ் செய்துகொண்ட பாய் மரியம் என்ற தம் மனைவியை அந்நாட்டிற்கு அழைத்துவர விரும்பினார். குடிவரவு அதிகாரிகள் மறுத்தனர். நீதிமன்றமும் மறுத்தது. பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு சமயத்தின் முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் திருமணமாகக் கருதாது. எனவே பாய் மரியம் சட்டத்தின் பார்வையில் மனைவி அல்லர் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஹஸன் ஈசோப்புக்கு ஒரே மனைவிதான் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை.

ஒரு தம்பதியரின் வழக்கு, ஒரு சமுதாயம் முழுவதன் தலையிலும் இடியாக இறங்கியது. முஸ்லிம், இந்து, பார்சி ஆகிய எந்தச் சமயத்து மனைவியும் இனி மனைவி அல்லள் என்றாயிற்று. பிறந்த குழந்தைகளின் நிலை என்ன? தந்தையின் சொத்து யாருக்கு? முப்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்த ஒரு மூதாட்டியைத் திடீரென்று சட்டம் பார்த்து, நீ யார் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? உங்கள் தாயை எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வியின் வலி புரியும்.

அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது இந்தத் தீர்ப்பின் பின்னர்தான். 1913 செப்டம்பரில் கஸ்தூர்பா காந்தி உள்ளிட்ட ஒரு குழுவினர் தடையை மீறி எல்லை கடந்து சிறை புகுந்தனர். ட்ரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட மற்றொரு குழுவில் பதினொரு பெண்கள் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் துணைவியாரும் அவர்களில் ஒருவர். கைக்குழந்தைகளோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்ற அப்பெண்கள், அங்கிருந்த இந்தியத் தொழிலாளர்களிடம் பேசினர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதோர் மீது விதிக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரியை ஒழிக்க வேலையை நிறுத்துங்கள் என்று வேண்டினர். சுரங்கங்கள் நின்றன. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தனர்.

ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை என்ற பதினாறு வயதுச் சிறுமி, தம் தாயாரோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். அங்குக் கடுங்காய்ச்சலுக்கு ஆளாகி, வெளிவந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தார். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. ஹஸன் ஈசோப்பையோ பாய் மரியத்தையோ அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனினும், ஒரு முஸ்லிம் பெண்ணின் மணவுரிமை மறுக்கப்பட்டதிலிருந்து எழுந்த போராட்டத்தில் தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமம் ஒன்றின் மகள் தம் உயிரைக் கொடுத்தார். இந்தக் கடனை நாம் மறக்கலாகாது.

1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு வரி ஒழிந்தது. ஒருதார மணங்களுக்கு ஓரளவு ஏற்பு கிடைத்தது. ஆனால், நிக்காஹ் முழுமையான திருமணமாக ஏற்கப்படவில்லை. 1917-இல் சீதாத் என்பவரின் சொத்து தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பலதார மணத்தை அனுமதிக்கும் திருமணம் நாகரிக மக்களின் ஒழுக்கத்திற்கு ஒவ்வாதது என்ற நோக்கிலேயே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வழங்கியவர், 1904-இல் ஹபீப் மோட்டனுக்கு நீதி வழங்கிய அதே ஜேம்ஸ் ரோஸ் இன்னஸ்! கடையைப் பற்றிய சொல்லை நேர்மையோடு வாசித்த கண், மனைவி என்ற சொல்லிடம் வந்ததும் தன் சமுதாயத்தின் கண்ணாடியை அணிந்துகொண்டது.

'சமம்' என்றால் போதுமா?

ட்ரான்ஸ்வாலின் வடபகுதியில் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊர் உள்ளது. இன்று அதன் பெயர் பொலொக்வானே. அங்குள்ள அஞ்சலகத்தில், வெள்ளையருக்கு ஒரு முகப்பு, மற்ற அனைவருக்கும் வேறொரு முகப்பு என்று உத்தரவிடப்பட்டது. ரசூல் என்ற இந்தியர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1934-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு முகப்புகளிலும் கிடைக்கும் சேவை ஒன்றுதானே. அஞ்சல்தலையின் விலையும் ஒன்றுதானே. பிரித்துவைப்பதனால் மட்டும் சமத்துவம் கெட்டுவிடாது என்று பெரும்பான்மையினர் கூறினர்.

இந்த வாதம் புதியதன்று. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டியில் கறுப்பரைப் பிரித்து அமர்த்திய லூசியானா மாநிலச் சட்டத்தை இதே காரணம் கூறி ஏற்றது. பிளெஸ்ஸி வழக்கு என்று அது அறியப்படுகிறது. அங்கு ஹார்லன் என்ற ஒரே நீதிபதி மாறுபட்டார். அந்நாடு தன் தவற்றை உணர்ந்து, பள்ளிகளில் பிரித்துவைப்பதே சமத்துவமின்மைதான் என்று தீர்ப்பளிக்க 58 ஆண்டுகள் ஆயின. அது 1954-இல் வந்த பிரவுன் வழக்கு.

ரசூல் வழக்கிலும் கார்டினர் என்ற நீதிபதி மாறுபட்டார். நிறத்தின் பேரால் ஏற்கெனவே எத்தனையோ சட்டங்கள் ஒரு சாராரைத் தாழ்ந்தவர்களாக நடத்தும் ஒரு நாட்டில், புதிதாகச் செய்யப்படும் எந்தப் பிரிவினையும் அவர்களைத் தாழ்த்துவதாகவே பொருள்படும். அது அவமானம் என்று அவர் எழுதினார். அஞ்சல்தலை ஒன்றாக இருக்கலாம். அதை வாங்கத் தலைகுனிந்து வேறொரு வாயிலுக்குச் செல்லும் மனிதனின் மனம் ஒன்றாக இருக்குமா? இதைத்தான் அவர் கண்டார், மற்றவர்கள் காணவில்லை.

இங்கு நம் பக்கத்துக் குறையையும் நாம் மறைக்கலாகாது. ரசூல் வழக்கிற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பு, டர்பன் அஞ்சலகத்தில் வெள்ளையருக்கு ஒரு வாயிலும், ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் சேர்த்து மற்றொரு வாயிலும் இருந்தன. காந்தியடிகள் செயலாளராக இருந்த நட்டால் இந்தியக் காங்கிரஸ், இதைப் பற்றி அரசுக்கு எழுதியது. விளைவாக, இந்தியருக்கென்று மூன்றாவது வாயில் ஒன்று கிடைத்தது. 1895-இன் அறிக்கையில் இது ஒரு வெற்றியாகவே குறிக்கப்பட்டது. வாயில் மூன்றாயிற்று, பிரிவினை ஒழியவில்லை. ஆப்பிரிக்கரோடு சேர்த்து எண்ணப்படாதிருந்தால் போதும் என்று கருதியவர்களும், கூலியோடு சேர்த்து எண்ணப்படாதிருக்க 'அரபி' என்ற பெயரை ஏற்றவர்களும் ஒரே பிழையைச் செய்தனர். சுவரை எதிர்ப்பதற்குப் பதிலாக, சுவரின் எந்தப் பக்கத்தில் தமக்கு இடம் என்பதைப் பற்றிப் பேசினர். பின்னாளில் அந்தச் சுவர் எல்லோர் மீதும் விழுந்தது.

நீதிமன்றம் திறந்ததும் சட்டமன்றம் அடைத்ததும்

1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவெறி, அரசின் கொள்கையாகவே அறிவிக்கப்பட்டது. எனினும், அந்த ஆண்டுகளில் நீதிமன்றம் சில வேளைகளில் நிமிர்ந்து நின்றது. கேப் நகரின் ரயில்களில் சில பெட்டிகள் வெள்ளையருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன; மற்றவருக்கென்று அவ்வாறு ஒதுக்கப்பட்ட பெட்டி இல்லை. அப்துர் ரஹ்மான் என்பவர், அந்தப் பெட்டிகளில் ஏறுமாறு மக்களைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். 1950-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஏற்பாடு பெருமளவு சமமற்றது. சமமற்ற முறையில் நடத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் ரயில்வேக்கு வழங்கவில்லை என்று கூறியது. 1953-இல் லூசு என்ற ஆப்பிரிக்கர், கேப் நகர ரயில் நிலையத்தில் வெள்ளையரின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்த வழக்கிலும் அதே நியாயம் வென்றது.

ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்? நீதிமன்றம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நாடாளுமன்றம் அதிகாரம் தரவில்லை என்கிறீர்களா? இதோ தருகிறோம் என்றார்கள். அதே 1953-இல் தனித்தனி வசதிகள் சட்டம் நிறைவேறியது. ஒதுக்கப்படும் இடங்கள் சமமாக இல்லை என்பதற்காக எந்த ஒதுக்கீடும் செல்லாது போகாது என்று அச்சட்டம் வெளிப்படையாகவே எழுதியது. 'சமம்' என்ற போர்வையும் அன்றோடு கழன்றது.

குழுவாரிப் பகுதிகள் சட்டம் 1950-இல் வந்தது. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று நகரங்களைக் கூறுபோடும் சட்டம் அது. டர்பன் நகரின் பகுதிகளை ஒதுக்கிய அறிவிப்பு இந்தியருக்குப் பெருங்கேடாக இருந்தது. லாகட் என்பவரும் மற்றவர்களும் அதை எதிர்த்தனர். நட்டால் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால், 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. இது ஒரு மாபெரும் சமூகச் சோதனை. இதில் சிலருக்குத் துன்பம் நேர்வது தவிர்க்க முடியாதது என்பதை நாடாளுமன்றம் அறிந்தே இருந்திருக்கும். இது பொதுநலனுக்கு உகந்ததா என்று ஆராய்வது எங்கள் வேலை அன்று என்பது நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து.

எங்கள் வேலை அன்று! அந்தச் சொல்லின் விளைவை மக்கள் தம் வீட்டு வாசலில் கண்டார்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் தோட்டமும் வீடும் கோயிலும் அமைத்து வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. பலர் சாட்ஸ்வொர்த் என்ற புதுக் குடியிருப்பின் நெருக்கமான வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். ஜோகன்னஸ்பர்க்கின் பேஜ்வியூ பகுதி முஸ்லிம்கள், நகரிலிருந்து வெகு தொலைவிலுள்ள லெனேசியாவுக்குத் துரத்தப்பட்டனர். கேப் நகரின் ஆறாம் வட்டம் 1966-இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது, 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளிவாசல்கள் நின்றன. இடிந்த தெருக்களின் நடுவே அமைந்த பள்ளிக்குத் தொழுவதற்காகத் தொலைவிலிருந்து வந்துபோன அந்த மக்களின் உறுதியை எண்ணிப் பாருங்கள்.

இரவில் தங்கக்கூடாத ஊர்

1931-இல் பிரிட்டோரியாவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் இஸ்மாயில் முகம்மது பிறந்தார். வழக்கறிஞரானார். பிரிட்டோரியா வழக்கறிஞர் மன்றம் வெள்ளையருக்கு மட்டும் என்பதால் ஜோகன்னஸ்பர்க்கில் சேர்ந்தார். அங்கும் குழுவாரிச் சட்டத்தின் காரணமாகத் தம் பெயரில் ஓர் அறையைப் பெற இயலவில்லை; நண்பர்கள் நீதிமன்றத்திற்குச் சென்ற வேளையில் அவர்களது அறைகளில் அமர்ந்து பணியாற்றினார். நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்திருந்த ஊர் புளூம்ஃபான்டெய்ன். ஆரஞ்ச் சுதந்திர மாநிலத்தில் இந்தியர் தங்குவதற்குத் தடை விதித்த பழைய சட்டம் 1986 வரை நீடித்தது. எனவே, அந்த நீதிமன்றத்தில் பகலில் வாதாடிய இஸ்மாயில் முகம்மது, இரவில் அந்த ஊரில் தங்க முடியாமல் வெளியேற வேண்டியிருந்தது.

காலம் மாறியது. தனித்தனி வசதிகள் சட்டம் 1990-இலும் குழுவாரிப் பகுதிகள் சட்டம் 1991-இலும் நீக்கப்பட்டன. அதே 1991-இல் இஸ்மாயில் முகம்மது நீதிபதியாக நியமிக்கப்பட்டார். டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை, 1995-இல் நட்டால் உயர் நீதிமன்றத்தின் வெள்ளையரல்லாத முதல் பெண் நீதிபதியானார். 1997-இல் இஸ்மாயில் முகம்மது நாட்டின் தலைமை நீதிபதியானார். இரவில் தங்கக்கூடாது என்று துரத்திய அதே ஊரின் நீதிமன்றத்திற்கு அவர் தலைமை தாங்கினார்.

1999-இல் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. நிக்காஹ் மட்டும் செய்துகொண்ட ஒரு பெண்ணின் கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவள் சட்டப்படி மனைவி அல்லள் என்பதால் இழப்பீடு இல்லை என்று விபத்து நிதியம் மறுத்தது. 1983 வரைகூட, முஸ்லிம் திருமணம் பொதுநெறிக்கு முரணானது என்றே அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து வந்தது. இஸ்மாயில் முகம்மது எழுதிய தீர்ப்பு, அந்தக் கைம்பெண்ணின் உரிமையை ஏற்றது. 2004-இல் அரசமைப்பு நீதிமன்றம், இறந்த கணவரின் சொத்தில் முஸ்லிம் மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்றது. 2022 ஜூன் 28-இல் அதே நீதிமன்றம், முஸ்லிம் திருமணங்களை ஏற்காத திருமணச் சட்டமும் மணவிலக்குச் சட்டமும் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தது. 2024-இல் மணவிலக்குச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

1913-இல் பாய் மரியத்திடம் மறுக்கப்பட்ட ஒரு சொல், அவரைப் போன்ற பெண்களுக்கு முழுமையாகத் திரும்பிவர 109 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும், நம் தெருவிலும்

இவை யாவும் கடல் கடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே, கமுதி கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழைந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கில், மதுரை நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்றன. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. வழக்கத்தில் இருந்தது என்பதே நியாயம் என்று அன்றைய நீதிபதிகள் கருதினர். சென்னை மாகாணத்தில் அனைவருக்கும் கோயில் கதவைத் திறந்த சட்டம் 1947-இல்தான் வந்தது.

1950-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு ஜூலையில் தென்னாப்பிரிக்கா மனிதரைத் தெருத்தெருவாகப் பிரிக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழியில் நின்றது. அதே ஆண்டு ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம், 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவில் கடைகளும் கிணறுகளும் குளங்களும் சாலைகளும் எல்லோருக்கும் உரியன என்றது. இது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆயினும், 'குடியிருப்பு' என்ற அந்தப் பழைய சொல் இங்கும் ஓயவில்லை. அகமதாபாத்தில் பார்சி சமூகத்தார் அமைத்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, தன் சமூகத்தார் அல்லாதாருக்கு மனைகளை விற்கக்கூடாது என விதி வகுத்திருந்தது. 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்தில் அது அடங்கும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஒரு சிறு சமூகம் கூடி வாழ விரும்புவதில் குற்றமில்லை என்று சிலர் கூறலாம். ஆனால், அதே விதியை வலுவான பெரும்பான்மையினர் வகுத்தால் எளியவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

நாவலூரின் அடுக்குமாடிகளில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த சகோதரர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகத்துக் கேள்வி அன்று. பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் நேரும் மௌனத்தை அவர்கள் அறிவார்கள். அதை எண்ணி நாம் வருந்துகிறோம், வருந்துவது நியாயமே. அத்தோடு நின்றுவிடாமல், நம்மை நோக்கியும் ஒரு கேள்வி கேட்போம். நமக்கென்று ஒரு வீடு இருந்து, அதைத் தேடி வேறு சாதியார், வேறு மொழியார், கட்டடப் பணிக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி, ஆப்பிரிக்க மாணவர் வந்தால் நம் நாவு என்ன சொல்கிறது? நம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நாம் எந்தக் குவளையில் நீர் தருகிறோம்? மின்தூக்கியில் அவள் ஏறக்கூடாது என்று நம் குடியிருப்போர் சங்கம் விதி எழுதினால், கூட்டத்தில் எழுந்து நின்று மறுப்பவர் நம்மில் யார்?

பீட்டர்ஸ்பர்க் அஞ்சலக வழக்கில் கார்டினரின் கருத்து அன்று தோற்றது. 1898-இல் ஜோரிசனின் கருத்தும் தோற்றது. ஆனால், அவர்கள் எழுதிவைத்தது அழியவில்லை. பின்வந்தவர்களுக்கு அது சாட்சியமாயிற்று. தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லிவைப்பது வீண் முயற்சி அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? தமக்கோ, தம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. நிறத்தாலும் இனத்தாலும் எவருக்கும் மேன்மை இல்லை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின்போது கூடியிருந்த மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். அதைக் கேட்ட சமுதாயத்தின் வழித்தோன்றல்கள் நாம். மூன்றாவது வாயிலைக் கேட்டுப் பெறுவது நமக்கு அழகன்று. ஒரே வாயிலில் எல்லோரும் நுழையும் நாளுக்காகப் பேசுவதே நம் கடமை.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள்: பாய் மரியம், ஹபீப் மோட்டன், தில்லையாடி வள்ளியம்மை, இஸ்மாயில் முகம்மது. அவர்களில் எவரேனும் நாளை ஒரு நீதிபதியாக அமரக்கூடும். ஒரு சங்கத்தின் செயலாளராக ஒரு விதியை எழுதக்கூடும். ஒரு வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவருக்குப் பதில் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் இந்த வரலாறு அவர்களின் நினைவுக்கு வரவேண்டும்.

நீதியை அறிந்து, நீதியைச் சொல்லி, நீதியின்படி வாழும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.